மாமியார் குடும்பத்து வேர்: 1870-ஐத் தாண்டிய விதம்

ஒருவழியாக 1870-ஐத் தாண்டிவிட்டோம். அமெரிக்கத் தெற்கில் கறுப்பினக் குடும்பத்தின் வம்சாவளியைத் தேடிப் போகிற யாரும் முட்டிக்கொண்டு நிற்கிற இடம் அது. அடிமை முறை 1865-இல் ஒழிந்தது, அதற்குப் பிறகு வந்த முதல் சென்சஸ் 1870-இல். அதற்கு முந்தைய 1850, 1860 சென்சஸ்களில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை இருக்கிறது, ஆனால் அதில் பெயரோடு இருப்பவர் உடைமையாளர் மட்டும்தான். அவருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்று வரிவரியாகப் போகும். 38, பெண். 19, ஆண். 4, ஆண். இதில் எந்த நாலு வயது நம் ஆள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

என் கணவருடைய அம்மா வழிக் குடும்பம் ஜார்ஜியாவின் ஹான்காக் கவுண்டியைச் சேர்ந்தது. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. ஸ்பார்டா என்று ஒரு சின்ன ஊர்தான் அதன் தலைநகரம், அட்லாண்டாவிலிருந்து கிழக்கே சுமார் 100 மைல். ஒரு காலத்தில் பருத்திப் பணம் புரண்ட கவுண்டி. விருதுநகர்ப் பக்கம் கரிசல் பருத்தியைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தச் செம்மண்ணில் பருத்தி விளைந்தது என்பதே முதலில் நம்ப முடியாததாக இருந்தது. குடும்பப் பெயரை இங்கே போடப்போவதில்லை, மாமியாருக்கு அதில் விருப்பமில்லை. முக்கியமான இரண்டு பேருக்கு மட்டும் ஹென்றி, கிளாரிசா என்று மாற்றுப் பெயர் வைத்துக்கொள்கிறேன். ஹென்றி என் மாமியாருக்கு எள்ளுத்தாத்தா. கிளாரிசா அவருடைய அம்மா.

ஆரம்பித்தது ஒரு ஷூ டப்பாவில். கறுப்பினத் தேவாலயங்களில் இறுதிச் சடங்குக்கு வருகிறவர்களுக்கு அச்சடித்த ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். இறந்தவரின் படம், பிறந்த தேதி, அப்பா அம்மா யார், எந்தச் சபையில் ஞானஸ்நானம், முன்னாலேயே போய்ச் சேர்ந்த உடன்பிறப்புகள் யார், இருக்கிறவர்கள் எந்த ஊரில், பெட்டி தூக்குகிறவர்கள் யார், எல்லாம் அதில் இருக்கும். நம் ஊர்க் கருமாதிப் பத்திரிகையைவிட எவ்வளவோ விவரம் அதிகம். மாமியார் அவற்றை எறியாமல் சேர்த்து வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தேன். செல்போன் படம் போதும் என்று கணவர் சொன்னார், ஆனால் ஓரத்தில் பென்சிலில் எழுதிய குறிப்புகள் செல்போன் படத்தில் மங்கிவிடுகின்றன. ஒரு பாட்டியின் புத்தகத்தில் டெட்ராய்ட் என்று அச்சாகியிருந்ததை யாரோ அடித்துவிட்டு நூவர்க் என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு திருத்தம் பிற்பாடு ஒரு கிளையையே பிடித்துக் கொடுத்தது. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடத்தை முதலில் போடுங்கள், அப்புறம் பெயர், அப்புறம் ஆவண வகை. ஆயிரம் கோப்பு சேர்ந்த பிறகு மாற்றுவது நரகம்.

ஷூ டப்பாவில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் அட்லாண்டா, அகஸ்டா பக்கம் உறவு இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. அட்லாண்டாவின் ஆபர்ன் அவென்யூ ஆய்வு நூலகம் போன்ற இடங்களில் சேர்ந்த இந்த இறுதிச் சடங்குப் புத்தகங்களை ஜார்ஜியா டிஜிட்டல் நூலகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. இலவசம்.

அடுத்தது மரணச் சான்றிதழ். ஜார்ஜியாவில் மாநிலம் முழுக்கப் பிறப்பு இறப்பைப் பதிவது 1919-இல்தான் தொடங்கியது. அந்தக் காலத்துச் சான்றிதழ்களை ஜார்ஜியா ஆவணக் காப்பகம் தன்னுடைய இணையதளத்தில் படமாகவே போட்டிருக்கிறது. பிற்காலத்துச் சான்றிதழ் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் 25 டாலர் கட்ட வேண்டும், அதனால் எது உண்மையிலேயே தேவை என்று பார்த்து வாங்குங்கள். சான்றிதழில் பெற்றோர் பெயரைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்காமல் தகவல் கொடுத்தவர் யார் என்ற கட்டத்தை முதலில் படியுங்கள். மருமகன் கொடுத்த தகவலுக்கும் உடன்பிறந்த அக்கா கொடுத்த தகவலுக்கும் வித்தியாசம் இருக்கிறது. மாமியாரின் தாத்தாவுடைய சான்றிதழில் அம்மா பெயர் என்று இருந்தது உண்மையில் அவருடைய சித்தி பெயர். தகவல் சொன்னது பக்கத்து வீட்டுக்காரர்.

அந்தத் தாத்தா 1889-இல் பிறந்தவர். முதல் உலகப்போருக்கு ஆள் பதிவு செய்தபோது, 1917 ஜூன் 5 அன்று, அவருக்கும் ஓர் அட்டை எழுதியிருக்கிறார்கள். அட்டையின் கீழ் இடது மூலை கிழிந்திருந்தது. ஸ்கேன் செய்யும்போது கிழிந்ததோ என்று நினைத்தால், இல்லை, அட்டையிலேயே அந்த மூலையில் அச்சடித்திருக்கிறார்கள்: ஆப்பிரிக்க வம்சாவளி என்றால் இந்த மூலையைக் கிழிக்கவும். அடுக்கிவைத்த அட்டைகளிலிருந்து கறுப்பர்களை உடனே பிரித்தெடுக்க அந்த ஏற்பாடு. அட்டையில் அவர் யாரிடம் வேலை பார்த்தார், எந்த ஊரில், யாரைக் காப்பாற்றுகிறார் என்பதெல்லாம் இருக்கிறது. அதோடு கையெழுத்து. படிக்கத் தெரியாதவர் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

சென்சஸைப் பின்னாலிருந்து முன்னாலே போனேன். தனிமனித விவரங்களை 72 வருடம் பூட்டி வைப்பது அமெரிக்கச் சட்டம், அதனால் கடைசியாகத் திறந்தது 1950. 2022 ஏப்ரலில் திறந்தார்கள். அங்கிருந்து 1940, 1930 என்று இறங்க வேண்டும். 1920-க்கும் 1930-க்கும் நடுவில் இந்தக் குடும்பம் பாதி காணாமல் போகிறது. பருத்திக் காய்க்குள் முட்டையிடுகிற கூன்வண்டு வந்து ஜார்ஜியாப் பருத்தியைத் தின்று தீர்த்த காலம் அது. ஹான்காக்கில் இருந்தவர்கள் ரயிலேறி டெட்ராய்ட், பிலடெல்பியா, நூவர்க் என்று போய்விட்டார்கள். வடக்கே போனவர்கள் குடும்பப் பெயரின் எழுத்துகளையும் மாற்றிக்கொண்டார்கள், அல்லது கணக்கெடுத்தவர் மாற்றிவிட்டார். மூன்று விதமாகக் கிடைத்தது.

இந்த வேலைக்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம், ஓர் எக்செல் தாள் போதும். நபர் ஒருவருக்கு ஒரு வரி, சென்சஸ் ஆண்டுக்கு ஒரு பத்தி, கட்டத்துக்குள் அப்போது எழுதப்பட்ட வயது. ஹென்றி 1870-இல் 38, 1880-இல் 45, 1900-இல் 70. பத்து வருடத்தில் ஏழு வயதுதான் ஏறியிருக்கிறது, அதற்கப்புறம் இருபது வருடத்தில் இருபத்தைந்து. இது தெற்கில் சாதாரணம். பிறந்த நாளை எழுதிவைக்க யாரும் விடாதவர்களின் வயது அப்படித்தான் இருக்கும். தோராயமாக 1830-35 என்று குறித்துக்கொண்டு மேலே போக வேண்டியதுதான். 1890 சென்சஸ் அநேகமாகக் கிடையாது, 1921-இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் பெரும்பாலும் நாசமாகிவிட்டது. 1900 சென்சஸ் மட்டும் தங்கச் சுரங்கம், பிறந்த மாதமும் வருடமும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள், கூடவே ஒவ்வொரு தாயிடமும் பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பது எத்தனை என்று. ஹென்றியின் மனைவிக்கு எதிரே 12, 7 என்று இருந்தது. அதுவரை எங்களிடம் ஏழு பேர்தான் இருந்தார்கள். மீதி ஐந்து பேருக்குப் பெயர் இன்றுவரை இல்லை. 1880-க்கு முன்னால் குடும்பத் தலைவருக்கு யார் என்ன உறவு என்ற பத்தியே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். 1870-இல் ஒரே வீட்டில் இருக்கிற சிறுவர்களை எல்லாம் மகன் என்று எழுதிவிட்டால் பின்னால் வாரி இறைத்ததைப் பொறுக்க வேண்டியிருக்கும்.

1870-இல் ஹென்றி கிடைத்தார். மனைவி, ஆறு சின்னவர்கள், அதில் பன்னிரண்டு வயதுப் பையன் மாமியாரின் கொள்ளுத்தாத்தா. அதற்கு மேல்?

முதலில் எல்லோரும் போகிற வழியிலேயே நானும் போனேன். அதே குடும்பப் பெயர் உள்ள வெள்ளைக்காரப் பண்ணைக்காரர் 1860-இல் ஹான்காக்கில் யாராவது இருக்கிறாரா என்று பார்ப்பது. இருந்தார். அவருடைய அடிமைகள் அட்டவணையை அச்சடித்து ஹென்றியின் வயதுக்கு ஏற்ற ஆணைத் தேடினால் அப்படி ஒருவரும் இல்லை. 28 வயதுக்குப் பக்கத்தில் ஆண்களே இல்லை, ஐம்பதுக்கு மேலே ஒருவர், மீதி எல்லாம் பெண்களும் குழந்தைகளும். கடைசி உடைமையாளரின் பெயரைத்தான் விடுதலையானவர்கள் வைத்துக்கொண்டார்கள் என்று ஒரு கருத்து ஓடிக்கொண்டிருக்கிறது. பலர் அப்படிச் செய்யவில்லை. அப்பாவின் பெயர், அதற்கு முந்தைய உடைமையாளரின் பெயர், தங்களுக்குப் பிடித்த பெயர் என்று எத்தனையோ. அதனால் பெயரை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, அதே பெயர் உள்ள வெள்ளைக்காரரோடு வம்சத்தை முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். இணையத்தில் கிடக்கிற குடும்ப மரங்களில் பாதி இப்படி முடிச்சுப் போட்டவைதான்.

1865-க்கும் 1870-க்கும் நடுவில் ஏதாவது காகிதம் வேண்டும். மூன்று இடம் இருக்கிறது. விடுதலையானவர்களுக்கான அரசு அலுவலகம், 1865-இல் தொடங்கியது, அதன் கூலி ஒப்பந்தங்களும் ரேஷன் பட்டியல்களும் இப்போது மார்மன் சபையின் ஃபேமிலிசெர்ச் தளத்தில் இலவசம். ஹான்காக்குக்கு எனக்குப் பயன்பட்ட ஒப்பந்தம் எதுவும் சிக்கவில்லை. அடுத்தது விடுதலையானவர்களுக்கான சேமிப்பு வங்கி, 1865-இல் திறந்து 1874-இல் மூழ்கிப்போனது, போட்ட பணத்தில் பெரும்பகுதி பலருக்குத் திரும்பவில்லை. ஆனால் கணக்குத் திறக்க வந்தவரிடம் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், சில சமயம் பழைய உடைமையாளர் பெயர்வரை கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஜார்ஜியாவில் அட்லாண்டா, அகஸ்டா, சவானாவில் கிளைகள் இருந்தன. நாங்கள் அதிலும் இல்லை. மூன்றாவது 1867 வாக்காளர் பதிவு, போருக்குப் பிறகு கறுப்பின ஆண்கள் முதன்முதலாக வாக்காளர்களாகப் பதிந்த புத்தகம். அதில் ஹென்றி இருந்தார். கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி.

உண்மையில் கதவைத் திறந்தது வரிப் பேரேடு. ஜார்ஜியாவில் ஒவ்வொரு கவுண்டியும் மிலிஷியா (உள்ளூர்க் குடிப்படை) வட்டங்களாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். வருடத்துக்கு ஒருமுறை வட்டவாரியாக வரிப் பட்டியல் எழுதுவார்கள். போருக்குப் பிந்தைய பட்டியல்களில் கறுப்பினத்தவரைத் தனியாக எழுதி, பக்கத்தில் அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர் பெயரையும் போட்டிருக்கிறார்கள். அவர்களிடம் சொத்து எதுவும் இல்லாவிட்டாலும் ஆளுக்கு ஒரு டாலர் தலைவரி உண்டு, அதை வசூலிக்கிற அக்கறையில்தான் இந்த விவரம் எல்லாம். ஹென்றிக்கு எதிரே இருந்தது ஒரு வேறு குடும்பப் பெயர்க்காரர். 1870 சென்சஸில் ஹென்றி வீட்டிலிருந்து சில பக்கம் தள்ளி அவர் இருந்தார். 1860 அட்டவணையில் அவருக்குக் கீழே 28 வயது ஆண், 50 வயதுப் பெண், ஒரே சமயம் நம்பவும் பயப்படவும் வைக்கிற பொருத்தம். வயது பொருந்துவதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது, அந்தக் கவுண்டியில் 28 வயது ஆண்கள் எத்தனையோ பேர்.

இங்கே கொஞ்சம் நின்றேன். ஹென்றியின் குடும்பப் பெயர் ஒன்று, கடைசியாக அவரை வைத்திருந்தவரின் பெயர் இன்னொன்று. இந்த இரண்டு பெயர்களும் எங்கேயாவது சந்தித்திருக்க வேண்டும். கல்யாணப் பதிவுகளைத் திறந்தேன், வெள்ளைக்காரர்களுடைய கல்யாணங்களை. 1850-களில் இந்தப் பண்ணைக்காரர் கட்டிய பெண்ணுடைய பிறந்த வீட்டுப் பெயர்தான் ஹென்றியின் குடும்பப் பெயர்.

அதாவது, சீதனம். 1866 வரை ஜார்ஜியாவில் கல்யாணமான பெண்ணின் சொத்து கணவனுக்குப் போய்விடும் என்பதுதான் பொதுவான சட்டம். அப்பா மகளுக்கு விட்டுப்போன ஆட்கள் எல்லாம் கல்யாணத்தோடு மருமகன் கணக்கில் ஏறிவிடுவார்கள், பெண்ணின் பெயர் காகிதத்திலிருந்து மறைந்துவிடும். தெற்கில் தேடுகிறவர்கள் உடைமையாளரின் மனைவி யாருடைய மகள் என்று கேட்காமல் விட்டால் பாதி வழியிலேயே நின்றுவிடுவார்கள். எங்கள் விஷயத்தில் பெண்ணின் அப்பா 1840-களில் செத்துப்போனவர். செத்தவர் என்றால் சொத்துப் பட்டியல் இருக்கும். இருக்க வேண்டும்.

இதை மாமியாரிடம் சொன்னபோது அவர் கையை விரித்தார். “அதெல்லாம் எரிஞ்சு போச்சு கண்ணு. நானே டிவியில பார்த்தேன்.” உண்மைதான், ஸ்பார்டாவின் பழைய கோர்ட் கட்டடம், 1880-களில் கட்டியது, 2014 ஆகஸ்டில் எரிந்தது. பிறகு திரும்பக் கட்டினார்கள். ஆனால் பழைய பதிவேடுகளை அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே மைக்ரோபிலிம் எடுத்துவிட்டார்கள். தெற்கில் கோர்ட் எரிந்துபோச்சு என்று யார் சொன்னாலும் உடனே விட்டுவிடக் கூடாது. என்றைக்கு எரிந்தது, எந்த அறை, அதற்கு முன்னால் படம் எடுத்தார்களா, பக்கத்துக் கவுண்டியில் நகல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஹான்காக்கே 1793-இல் கிரீன், வாஷிங்டன் கவுண்டிகளை வெட்டி உருவாக்கியது, அதனால் அதற்கு முந்தைய காகிதம் எல்லாம் அந்த இரண்டில் இருக்கும்.

ஹான்காக்கின் உயில் வழக்குகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். அமண்டா அமெரிக்கா டிக்சன் என்ற பெண், அடிமையாக இருந்த தாய்க்கும் பணக்காரப் பண்ணைக்காரர் டேவிட் டிக்சனுக்கும் 1849-இல் பிறந்தவர். அப்பா 1885-இல் இறந்தபோது சொத்தில் பெரும்பகுதியை அவருக்கு எழுதிவைத்தார், வெள்ளை உறவினர்கள் வழக்குப் போட்டார்கள், 1887-இல் ஜார்ஜியா உச்சநீதிமன்றம் உயில் செல்லும் என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கு பேர்போனது. எங்களுக்கு வேண்டியது யாரும் சண்டை போடாத, யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு சாதாரணக் கணக்குப் புத்தகம்.

அட்லாண்டாவுக்குத் தெற்கே மாரோ என்ற ஊரில் மாநில ஆவணக் காப்பகமும் மத்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பையை லாக்கரில் வைத்துவிட்டு பென்சிலோடுதான் உள்ளே விடுவார்கள், பேனா கூடாது. மைக்ரோபிலிமை ஓட்டி ஓட்டிப் பார்த்ததில் தலை சுற்றியது. புத்தகத்தின் முன்னால் இருக்கிற அகரவரிசையில் செத்த வெள்ளைக்காரரின் பெயர் மட்டும்தான் இருக்கும், பட்டியலில் எழுதப்பட்ட மனிதர்களின் பெயர்கள் இருக்காது. அதனால் பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டும்.

கையெழுத்து ஒரு தனிப் பாடு. கோர்ட் எழுத்தர் ஒவ்வொருவருக்கும் ஒரு கிறுக்கல். அவருக்கு ஓர் அரிச்சுவடி தயாரித்துக்கொண்டேன். நிச்சயமாகத் தெரிந்த சொற்களை, கவுண்டி பெயர், மாதங்களின் பெயர், டாலர், எடுத்து ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் அவர் எப்படி எழுதுகிறார் என்று ஒரு தாளில் வெட்டி ஒட்டினேன். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. இரண்டு எஸ் சேர்ந்து வந்தால் முதல் எஸ்ஸை அவர் நீளமாக, எஃப் மாதிரி கீழே இழுக்கிறார். அந்தக் கால வழக்கம். கிளாரிசா என்ற பெயர் நம் கண்ணுக்கு கிளாரிஃப்சா என்று தெரியும் (இது மாற்றுப் பெயர்தான், ஆனால் உண்மைப் பெயரிலும் இதே சிக்கல்).

இது ஏன் முக்கியம் என்றால், ஃபேமிலிசெர்ச்சில் 2024-இல் முழு எழுத்துத் தேடல் என்று ஒன்று வந்தது. பழைய கையெழுத்துப் பத்திரங்களையும் உயில் புத்தகங்களையும் கணினியே படித்து வைத்திருக்கிறது, அகரவரிசையில் இல்லாத பெயரையும் தேடலாம். தெற்குக் குடும்பங்களுக்கு, அதுவும் கறுப்பினக் குடும்பங்களுக்கு, இதைவிடப் பெரிய வரம் சமீபத்தில் வந்ததில்லை. ஆனால் கிளாரிசா என்று போட்டால் ஒன்றும் வரவில்லை. எஃப் போட்டு எழுதினேன், வந்தது. ஒரே பெயரைத் தேடாமல் இரண்டு பெயரைச் சேர்த்துத் தேடுங்கள், இரண்டுக்கும் முன்னால் கூட்டல் குறி, கூடவே கவுண்டியும் வருடமும் கட்டி வையுங்கள். ஹென்றி என்று மட்டும் தேடினால் கடலில் கரைத்த பெருங்காயம்.

வந்த பக்கம் ஒரு பாகப் பிரிவினை. மனிதர்களை மதிப்பிட்டுக் குவியல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, வாரிசுகள் சீட்டுக் குலுக்கி எடுத்திருக்கிறார்கள். மூன்றாம் எண்ணில் கிளாரிசா, அவருக்கு அடுத்து சிறுவன் ஹென்றி, அப்புறம் ஒரு கோவேறு கழுதை. அதே கிளாரிசாவின் பெண் என்று எழுதிய ஒரு சிறுமி இரண்டாம் எண்ணில். குவியல்களின் மதிப்பு ஏறக்குறைய சமமாக வரவேண்டும் என்பதால் மூன்றாம் எண்காரர் முதல் எண்காரருக்குச் சில டாலரும் சில்லறையும் கொடுக்க வேண்டும் என்று கீழே கணக்கு. எழுத்தர் கூட்டலைச் சரிபார்த்துப் பக்கத்தில் சின்னதாக டிக் போட்டிருக்கிறார். நான் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வெளியே போய்க் காரில் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் எண் செத்தவரின் மைனர் மகளுக்கு விழுந்தது. மைனர் என்பதால் கார்டியன் ஒருவர் வருடா வருடம் கோர்ட்டுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். இந்த ஆண்டுக் கணக்குகளைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள், உயிலிலும் சொத்துப் பட்டியலிலும் ஆட்கள் ஒருமுறைதான் வருவார்கள், ஆண்டுக் கணக்கில் வருடா வருடம் வருவார்கள். ஜனவரி முதல் தேதி கிளாரிசாவை வாடகைக்கு எடுத்தவர் யார், எவ்வளவுக்கு. ஹென்றிக்கு ஒரு ஜோடி ஷூ. கிளாரிசாவின் குழந்தையைப் பார்க்க வந்த டாக்டருக்குக் கட்டணம். ஒரு வருடம் ஹென்றி முதன்முதலாகத் தனியாக வாடகைக்குப் போகிறார், அம்மா ஓரிடம், பையன் ஓரிடம். பிறகு பெண்ணுக்குக் கல்யாணம், கார்டியன் கணக்கை முடித்து மருமகனிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குகிறார். வரிப் பேரேட்டில் நான் பார்த்த அதே பெயர்.

டிஎன்ஏ-வை நாங்கள் கடைசியாகச் செய்தோம். தள்ளுபடி நேரத்தில் 59 டாலர். மாமியார் எச்சில் துப்பிக் கொடுக்கிற குழாயைப் பார்த்து முகம் சுளித்தாலும் கொடுத்துவிட்டார். முடிவில் வருகிற ஆப்பிரிக்கா இத்தனை சதவீதம், ஸ்காட்லாந்து இத்தனை சதவீதம் என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பொருத்தங்களின் பட்டியல்தான் சரக்கு. அளவு சென்டிமார்கன் என்ற அலகில் வரும். உடன்பிறந்தவர் பிள்ளைகளுக்குள் சராசரி 866, அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்குள், அதாவது இரண்டாம் தலைமுறையில், 229, மூன்றாம் தலைமுறையில் 73, நான்காவதில் 35 பக்கம், அந்த தூரத்தில் உறவு இருந்தும் ஒன்றுமே பொருந்தாமல் போவதும் உண்டு. மாமியாருக்கு அலபாமாவில் ஒரு பொருத்தம் விழுந்திருக்கிறது, நான்காம் தலைமுறைக்கு ஏற்ற அளவு, அவர்களுடைய மரத்தில் மேலே கிளாரிசாவின் பெயரோடு ஒரு பேத்தி. இதை ஆதாரம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தத் திசையில் ஒரு கை காட்டுகிறது. அந்த வெள்ளைக்காரக் குடும்பத்து வாரிசுகளோடும் பொருத்தங்கள் வந்தன. மாமியார் பட்டியலைப் பார்த்துவிட்டு, “எனக்கு இது புதுசில்ல,” என்று சொல்லி டீ போடப் போய்விட்டார்.

கல்லறைக்குக் குளிர்காலத்தில் போங்கள். கோடையில் பாம்பு, உண்ணி, ஆளுயரப் புதர். மான் வேட்டை சீசன் என்றால் ஆரஞ்சு நிற ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள், விளையாட்டில்லை. தெற்கில் பழைய கறுப்பின இடுகாடுகளில் பொறித்த கல் குறைவு, யூக்கா செடியும் தரையில் படர்கிற வின்கா கொடியும் கண்ணில் பட்டால் பக்கத்தில் குழி இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து மங்கிய கல்லைப் படிக்கப் பலர் சாக்பீஸ் தேய்க்கிறார்கள், ஷேவிங் கிரீம் பூசுகிறார்கள், கல் கெட்டுப்போகும். நாங்கள் கொண்டுபோனது இரண்டடிக் கண்ணாடி ஒன்று. கணவர் கண்ணாடியைப் பிடித்து வெயிலைக் கல்லின் முகத்தில் பக்கவாட்டில் அடிக்க வைத்தார், பள்ளத்தில் நிழல் விழுந்ததும் வெறும் பாசி என்று நினைத்த இடத்தில் ஹென்றியின் மகனுடைய பெயரும் 1858 என்ற ஆண்டும் எழும்பி வந்தன. செலவு 12 டாலர். பாசியை எடுக்க வெறும் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும், கம்பி பிரஷ்ஷும் பிளீச்சும் வேண்டாம்.

செலவைக் கூட்டிப் பார்த்தால் பெட்ரோல்தான் அதிகம். ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளித் தளத்துக்கு மாதம் 25 டாலர் பக்கம் ஆனது, நான் கொஞ்ச நாள் கட்டினேன், பிறகுதான் எங்கள் பொது நூலகத்தில் உள்ளே உட்கார்ந்து பார்த்தால் அதே தளம் இலவசம் என்று தெரிந்தது. ஃபேமிலிசெர்ச்சில் சில படங்கள் வீட்டிலிருந்து திறக்காது, சபையின் மையத்திலோ அதோடு இணைந்த நூலகத்திலோ போய்ப் பார்க்க வேண்டும், அதுவும் இலவசம். அமிலமில்லாத தாள் உறைகளுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். அந்த இறுதிச் சடங்குப் புத்தகங்கள் ஷூ டப்பாவில் இன்னும் பத்து வருடம் தாங்கியிருக்காது.

இன்னொரு குடும்பத்துக்குச் செய்தால் வரிசையை மாற்றுவேன். வீட்டில் மூத்தவருக்கு டிஎன்ஏ முதலில், ஏனென்றால் அவருக்கு ஒரு தலைமுறை நெருக்கமாகப் பொருத்தம் விழும், அவரும் இருக்க வேண்டுமே. கூடவே அவர் பேசுவதைப் பதிவு செய்து விடுவேன். தேடி இல்லாததையும் எழுதி வைப்பேன், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம்வரை, எந்த எழுத்துக்கூட்டில் தேடினோம் என்று. எழுதி வைக்காததால் ஒரே பிலிமைத் திரும்ப ஓட்டினேன். அப்புறம், சென்சஸில் நம்மவர்களை மட்டும் வெட்டி எடுக்காமல் முன்னும் பின்னும் நாலு பக்கம் இறக்கி வைத்துக்கொள்வேன். எங்கள் விடை கடைசியில் அப்படிச் சில பக்கம் தள்ளித்தான் இருந்தது.

இப்போது கையில் இருப்பது இரண்டாம் எண், கிளாரிசாவின் மகள். அந்தக் குவியலை எடுத்த வாரிசு 1850-க்குள் அலபாமாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அலபாமா 1866-இல் தனியாக ஒரு மாநில சென்சஸ் எடுத்திருக்கிறது, விடுதலையான கறுப்பினக் குடும்பத் தலைவர்களின் பெயர் அதில் இருக்கிறது, மத்திய சென்சஸுக்கு நாலு வருடம் முன்னாலேயே. எந்தக் கவுண்டி என்று மட்டும் பிடிக்க வேண்டும். அந்த வாரிசின் மனைவி யாருடைய மகள் என்பதிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.